கும்மிடிப்பூண்டிக்குப் போய் ஸ்டீயரிங் ஆட்டத்தைச் சரி செய்த கதை

இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள். எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் கண்ணில் பட்டாலும் அப்பா காதுக்குப் போய்விடும். உள்ளறைக் கதவைச் சாத்தி, அம்மாவின் போனில் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு எழுதுகிறேன். பழைய பிக்கப் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது உதவும்.

எங்கள் ஊர் பெரியபாளையம் பக்கம். அப்பா தினமும் விடியற்காலையில் கம்பெனி கேன்டீன்களுக்குப் பிக்கப்பில் கீரையும் காய்கறியும் ஏற்றிப் போவார். நான் பிறந்து ஒரு வருடம் கழித்து வந்த வண்டி அது. ஆனாலும் முன் கண்ணாடியில் அண்ணன் வினோத்தின் பெயர் மட்டும் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. என் பெயருக்கு இடம் இல்லாமல் இல்லை.

அண்ணனுக்குப் போன மாதம் லைசென்ஸ் வந்தது. நாளை முதல் விடியற்காலை லோடு அவனுடையது. ஸ்டீயரிங்கோ நான்கு விரல் அளவு சும்மா சுற்றிய பிறகுதான் சக்கரத்தைத் திருப்பும். அப்பாவின் கை அதற்குப் பழகிவிட்டது. மகனிடம் அப்படியே கொடுக்க மனம் வரவில்லை போல. என்னிடம் எதையாவது கொடுப்பதாக இருந்தால் இவ்வளவு யோசித்திருப்பாரா என்று தெரியவில்லை.

அண்ணன் நண்பன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டதால் இன்று நான் துணைக்குப் போனேன். ஏழு மணிக்குக் கிளம்பி, ஆரணி வழியாகப் புதுவாயலில் ஹைவேயைப் பிடித்தோம். கவரைப்பேட்டையில் நாஷ்டா, இரண்டு பேருக்கும் தொண்ணூறு ரூபாய். மொத்தம் முப்பது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மெதுவாகத்தான் போக முடியும். எட்டரைக்குச் சிப்காட் பின்பக்கம் இருக்கும் மெக்கானிக் சீனு அண்ணன் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஆட்டம் எங்கே என்று பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை ஆட்ட, இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு ஜாயிண்டாகத் தொட்டுப் பார்ப்பார். இன்று ஷெட்டில் சீனு அண்ணன் மட்டும்தான்.

"பாப்பாவ ஏத்து நைனா," என்றார் சீனு அண்ணன்.

"பையன் வந்திருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும்," என்றார் அப்பா.

"ஆட்றதுக்கு லைசென்ஸ் இன்னாத்துக்கு? நீ போய் டீ சொல்லு."

முதல் முறையாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். சீட்டு அப்பாவின் கால் நீளத்துக்குப் பின்னால் தள்ளியிருந்தது. இடது, வலது என்று அவர் சொல்லச் சொல்ல மெதுவாக ஆட்டினேன். எங்கே செத்துக் கிடக்கிறது, எங்கே பிடிக்கிறது என்று உள்ளங்கையிலேயே தெரிந்தது. சக்கரங்களைத் திருப்பும் டை ராடு கம்பியின் முனைகள் இரண்டும் தேய்ந்திருந்தன. மாற்றிய பிறகு மறுபடி ஆட்டச் சொன்னார். விரல் அசைந்தாலே சக்கரம் அசைந்தது. இறங்க மனமே வரவில்லை.

சாமான், கூலி, வீல் அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து அறுநூறு. கிளம்பும்போது அவர் சொன்னார்: "கை பழைய கணக்குலயே திருப்பும் நைனா. ரெண்டு நாளு பாத்து ஓட்டு."

"எனக்கே ஓட்ட சொல்லித் தர்றியா?" என்று அப்பா சிரித்தார்.

திரும்பும்போது ஹைவேயில் முன்னால் போன பைக் ஒன்று திடீரென்று நின்றது. அப்பா எப்போதும்போல வலது பக்கம் ஒடித்தார். வண்டி பாய்ந்து பக்கத்து கன்டெய்னர் லாரியின் சக்கரத்துக்கு அருகில் போய்விட்டது. இடது பக்கம் இழுத்தார், அதுவும் அதிகம். மண்ணில் இறங்கி நின்றோம். அப்பா இன்ஜினை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணங்கிட்ட சொல்லாத. அப்பறம் அவன் என்ன மதிக்கமாட்டான். சொன்னன்னு தெரிஞ்சுது, தோல உரிச்சிருவேன்."

வீட்டில் அவரிடமிருந்து வந்த சொல் ஒன்றே: "வெண்ண மாதிரி இருக்குது." சாவி, கல்யாணத்திலிருந்து திரும்பியிருந்த அண்ணன் கைக்குப் போனது. அவன் என்னைப் பார்த்து, "இன்னா டிரைவரம்மா, என் சீட்ல குந்திக்கினு இருந்தியாமே? தொடச்சிட்டுத்தான் ஏறணும்," என்றான். அப்பா சிரித்தார். நாளை அவன் வண்டியை ஒருமுறை வரப்பில் ஏற்றட்டும், அப்பா சாவியைப் பிடுங்கிவிடுவார் என்று அப்போது நினைத்தேன். ஆனால் அந்தச் சாலையில் வரப்பு இல்லை. கன்டெய்னர்கள்தான் இருக்கின்றன.

உங்கள் வண்டியும் ஆடினால் காலையிலேயே போங்கள், கூட ஓர் ஆளை அழைத்துப் போங்கள். ஸ்டீயரிங் பாக்ஸை மட்டும் இறுக்கிவிட்டு அனுப்பினால் ஒப்புக்கொள்ளாமல், முதலில் ஜாயிண்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சரி செய்த பிறகு உடனே ஹைவேயில் ஏறாதீர்கள். காலி மைதானத்தில் ஓட்டி, பழகியதில் பாதி மட்டும் திருப்பிப் பழகுங்கள். அண்ணனும் பழைய ஆட்டத்தில்தான் ஓட்டக் கற்றான்.

இதை அவனிடம் சொல்ல ஒரு நிமிடம் போதும். சொன்னால் அப்பா அடிப்பார். அது பரவாயில்லை. சொன்னால் அவன் நாளை நன்றாக ஓட்டிவிடுவான். அதோடு வண்டி அவனுடையதாகிவிடும். என் கைக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றையும் அவனுக்குக் கொடுத்தது போல

கதவைத் தட்டுகிறார்கள். அண்ணன் குரல்தான், மெதுவாக.

"ஏய், முழிச்சிக்கினு இருக்கியா? தூக்கமே வரல. காலைய நெனச்சா பேஜாரா இருக்குது. நீதான புட்ச்சிப் பாத்த, எப்டி இருக்குது ஸ்டீயரிங்?"

திறக்கப் போகிறேன். பாதிதான் திருப்பணும் என்று சொல்