மத்தியானத்தில் பூக்கும் செடி

என் அக்காவின் கணவர் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. அத்தானுக்கு மனிதர்கள் இரண்டு வகை: டிக்கெட் இல்லாதவர்கள், இன்னும் மாட்டாதவர்கள். நான் காபி நல்லாயிருக்கு என்றாலும் "எதுக்குச் சொல்றே?" என்பார்.

வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவில் ஒரு துண்டுக் கட்டாந்தரை. அங்கே சிமெண்ட் போட வேண்டும் என்பது அவர் திட்டம். அக்கா முந்திக்கொண்டு கசானியா நட்டுவிட்டாள். தரையோடு படரும், டெய்சி மாதிரி பூக்கும், தண்ணீர் அதிகம் கேட்காது என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார்.

"இன்னிக்கு நிறைய பூத்துச்சுங்க" என்று ஒரு ராத்திரி ஆசையாகச் சொன்னாள். அத்தான் டார்ச் அடித்துப் பார்த்தார். எல்லாம் மூடிய மொட்டு.

"எங்க பூத்துச்சு?"

"வெயில் போனா மூடிக்கும்."

"பஸ்லயும் இப்படித்தான், இறங்கச் சொன்னா எல்லாரும் டிக்கெட் காத்துல பறந்துபோச்சும்பாங்க."

போனில் படம் காட்டினாள். நர்சரியில் எடுத்தது என்றார். வார விடுமுறையில் நேரிலேயே பார்க்கட்டும் என்று காத்திருந்தாள். அன்று பார்த்து வானம் மூடிக்கொண்டது, பூவும் திறக்கவில்லை. சாயங்காலமே கொத்தனாரிடம் சிமெண்ட் வேலைக்கு நாள் குறித்துவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. அக்கா அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கொத்தனார் வருவதற்கு முந்தின நாள், உச்சிவெயிலில் அத்தான் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். பரிசோதனைக்குப் போகிற மாதிரியே முந்தின நிறுத்தத்தில் இறங்கி, சுவர் ஓரமாக நடந்து, சத்தமில்லாமல் கேட்டைத் திறந்தார். நானும் அக்காவும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தோம். கட்டாந்தரை இருந்த இடம் முழுக்க மஞ்சளும் ஆரஞ்சுமாக விரிந்து கிடந்தது. அவர் குனிந்து ஒரு பூவைத் தொட்டுக்கூடப் பார்த்தார்.

"நெசமாத்தான் பூத்திருக்கு" என்றார்.

அக்கா அவர் கழற்றிக் கையில் வைத்திருந்த செருப்பைப் பார்த்தாள். "பாக்க வந்தீங்களா, பிடிக்க வந்தீங்களா?"

அத்தான் அங்கேயே நின்று கொத்தனாருக்குப் போன் போட்டு வேலை வேண்டாம் என்றார்.

செடி தப்பித்தது. இப்போதெல்லாம் ராத்திரி வந்ததும் அவரே கேட்கிறார், "இன்னிக்கு நிறைய பூத்துச்சா?"

"மத்தியானம் வந்து பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அக்கா தட்டு எடுக்கப் போய்விடுகிறாள்.