பச்சைக் கரை வைத்த மேசை

கல்யாணமாகிப் பெரிய காஞ்சிபுரத்துக்கு வந்தபோது என்னிடம் ஒரு படிப்பு இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி படித்து, அங்கேயே கொஞ்ச காலம் வேலையும் பார்த்திருந்தேன். பெண் பார்க்க வந்த அன்று அது "டாக்டருக்கு அடுத்த படிப்பு" என்று பெருமையாகச் சொல்லப்பட்டது. தாலி ஏறிய பிறகு, கேட்டவர்களுக்கெல்லாம் என் மாமியார், "கை காலு புடிச்சி உடற படிப்பு" என்று விளக்கம் சொன்னார். இரண்டுமே பொய்யில்லை என்பதால் நான் எதையும் திருத்தவில்லை.

மாமனார் கூரத்துப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதிலேயே டவுனுக்கு வந்து பட்டுக்கடை வைத்தவர். மருமகளிடம் நேராகப் பேசுவது மரியாதையில்லை என்ற வழக்கத்தில் வளர்ந்தவர். நான் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பேன். "நாளைக்குக் கடைக்கு சீக்கிரம் போவணும்னு சொல்லு" என்று மாமியாரைப் பார்த்துச் சொல்வார். மாமியார் என் பக்கம் திரும்பி அதை ஒரு எழுத்து விடாமல் மறுபடி சொல்வார். நான் "சரிங்க அத்தை" என்பேன். மாமியார் திரும்பி, "சரின்றா" என்பார். ஒரே கூடத்தில் மூன்று பேரும் நன்றாகக் காது கேட்கிறவர்களாக இருந்துகொண்டு இப்படி ஒரு தபாலாபீஸ் நடத்தினோம்.

மாமியாருக்குத் தோள்பட்டை இறுகிப் போய், கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கொண்டை போட முடியாமல் இருந்தது. பொழுது போகாத மதியங்களில் அந்தக் கையைப் பிடித்துப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தேன். முதல் சில நாட்கள் வலி தாங்காமல் என் பிறந்த வீட்டைக் குறித்து நிறையப் பேசினார். பிறகு வலி குறைந்தது. ஒருநாள் தானே கொண்டை போட்டுக்கொண்டு, அதைக் காட்டுவதற்காகவே தெருவில் நாலு வீட்டுக்குப் போய் வந்தார். அதற்குப் பிறகு எங்கள் சமையலறைக்குப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லாம் தறிக்கார வீட்டுப் பெண்கள். நாளெல்லாம் ராட்டினத்தில் பட்டு சுற்றி மணிக்கட்டு போனவர்கள், குனிந்தே இருந்து இடுப்பு போனவர்கள். அவர்களைப் பாயில் படுக்க வைத்து, நான் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து வைத்தியம் பார்த்தேன். அவர்கள் நன்றாக ஆகி எழுந்து போனார்கள். என்னால்தான் எழ முடியவில்லை. நாளாக ஆக எனக்கு இடுப்பு வலி வந்துவிட்டது.

ஒரு மேசை வேண்டும் என்று மாமியாரிடம் கேட்டேன். விஷயம் மாமனாருக்குப் போனது. அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, வீட்டை ஒட்டி வாசல் பக்கமாக இருந்த சரக்கு அறையை ஒழித்துக் கொடுப்பதாகவும், ஆனால் அங்கே பெண்கள் மட்டுமே வர வேண்டும், ஆண்வாடையே கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

என் கணவர் பாங்கில் குமாஸ்தா. எந்தப் பொருள் வாங்கினாலும் அதைத் தானே பரீட்சை செய்து பார்க்க வேண்டும் அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை வேண்டாமென்று, கடை திறந்திருக்கும் நாளாகப் பார்த்து லீவு போட்டு என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போனார். ஆஸ்பத்திரி சாமான் விற்கிற கடையில் வெள்ளை பெயின்ட் அடித்த இரும்பு மேசை ஒன்று இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறி, கையை மார்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்றார். திரும்பிப் படுங்கள் என்றேன். திரும்பினார். மேசையும் கூடவே திரும்பப் பார்த்தது. நோயாளி யாரும் இப்படிப் புரள மாட்டார்கள் என்று கடைக்காரர் சொன்னார். என் வைத்தியமே புரட்டிப் போடுவதுதான் என்று நான் சொன்னேன். கடைக்காரர் என் கணவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அதே தெருவில் பழைய சாமான் கடை ஒன்றில், மூடிப்போன ஏதோ ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் மேசை கிடைத்தது. யானை மாதிரி அசையாமல் நின்றது. காலால் மிதித்தால் மேலே ஏறும், இன்னொன்றை மிதித்தால் கீழே இறங்கும். என் கணவர் அதில் படுத்துக்கொண்டு, கடைப்பையனை மிதிக்கச் சொல்லி, திருவிழா ராட்டினத்தில் ஏறியவர் போல மேலும் கீழும் போய்வந்தார். இதுதான் என்று முடிவே செய்துவிட்டார். ராத்திரி சாப்பாட்டின்போது மாமியார் ஒரே கேள்விதான் கேட்டார், அதுமேல எத்தனை பேர் செத்தாங்க என்று. கணவர் அடுத்த வாரம் வேறு வேலையாகச் சென்னைக்குப் போனபோது நிஜமாகவே போய் விசாரித்துவிட்டு வந்தார். ஒருத்தரும் சாகவில்லை, எல்லாரும் பிழைத்து நடந்துதான் வீட்டுக்குப் போனார்கள் என்று கடைக்காரர் சத்தியம் செய்தாராம்.

"அப்போ எதுக்கு ஆஸ்பத்திரிய மூடினாங்க?" என்றார் மாமியார்.

ஆபரேஷன் மேசை அத்தோடு முடிந்தது.

கடைசியில் உள்ளூரிலேயே செய்துகொள்வது என்று ஆயிற்று. கடைவீதியைத் தாண்டி முஸ்லிம் பாய் ஒருவர் மரப்பட்டறை வைத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு, கல்யாணத்துக்குப் பீரோ எல்லாம் செய்கிறவர். நான் காகிதத்தில் படம் போட்டுக் கொண்டுபோனேன். கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால் அது படும் உயரம்தான் மேசையின் உயரம் என்று நின்று காட்டினேன். என்னை நிற்க வைத்துக் கோல் போட்டு அளந்துகொண்டார். நீளத்தையும் அகலத்தையும் பார்த்துவிட்டு, இந்த அளவில் தான் இதற்கு முன் செய்தது பள்ளிவாசலுக்கு ஒரு பலகை, மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, கிடத்திக் குளிப்பாட்டுவதற்கு என்று சாதாரணமாகச் சொன்னார். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். இதை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் பேசாமலே முடிவு செய்துகொண்டோம்.

தலைப் பக்கத்தில் வட்டமாக ஒரு ஓட்டை போட்டிருந்தேன். பாய் அதன் மேல் விரலை வைத்து, இது எதற்கு என்று கேட்டார். குப்புறப் படுக்கிறவர்கள் கழுத்தைத் திருப்பாமல் முகத்தை அதில் வைத்துக்கொண்டு மூச்சுவிடலாம் என்றேன்.

"மூச்சு உடறதுக்கா?" என்று யோசித்தார். "அப்ப சரிம்மா. உசுரோட இருக்கறவங்களுக்குன்னா போட்டுத்தான் ஆவணும்."

இதுவரை எதிலும் தலையிடாமல் இருந்த மாமனார், மேல்துணி விஷயம் வந்ததும் தலையிட்டார். தேங்காய் நார் அடைத்து மேலே வெள்ளை ரெக்சின் தைப்பதாக நான் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரி என்றால் வெள்ளை என்பது என் நினைப்பு. அன்று சாயங்காலம் தபால் வந்தது. வெள்ளை துக்கத்துக்குப் போடுவது, அரக்கு நிறம்தான் பொருத்தம், அதற்குப் பச்சையில் கரை வைக்க வேண்டும், கரை இல்லாமல் ஒரு பொருளைத் தன் வீட்டு வாசலில் வைத்தால் கடைவீதியில் தலை காட்ட முடியாது. நோயாளி புடவையா வாங்க வருகிறாள் என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. மாமியார் வழியாகக் கேட்டிருக்கலாம். மாமியாருக்கும் அரக்கு பிடித்திருந்ததால் கேட்கவில்லை. பாய் சொன்னபடியே செய்தார். உடலும் கரையும் சேருகிற இடத்தில் வரிசையாகப் பித்தளை ஆணி அடித்து, ஜரிகை போல மின்ன வைத்திருந்தார். கல்யாணப் பெண்ணுக்கு விரித்துக் காட்டுகிற புடவை மாதிரி இருந்தது என் மேசை.

திறப்பு நாளன்று தெருப் பெண்களை வெற்றிலை பாக்குக்குக் கூப்பிட்டிருந்தோம். அவர்கள் வரத் தொடங்கிய நேரத்தில்தான், படுத்தால் கால் காமாட்சியம்மன் கோயிலைப் பார்க்கிறது என்று மாமியார் கண்டுபிடித்தார். மேசையைத் திருப்பினோம். இப்போது கால் ஏகாம்பரநாதரைப் பார்த்தது. மறுபடி திருப்பினால் தலை வடக்கே வந்தது, அது ஆகவே ஆகாது. காஞ்சிபுரத்தில் காலை நீட்டிப் படுக்க ஒரு திசை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. மிச்சமிருந்த பக்கத்தில் வரதராஜர் இருந்தார். மாமியார் கொஞ்ச நேரம் யோசித்து, "அவரு தூரத்துல இருக்கறாரு, கண்டுக்க மாட்டாரு" என்று தீர்ப்புச் சொன்னார்.

வாசலில் பெண்கள் நிற்கிறார்கள், மேசை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல், ஜரிகை வேட்டியில் இருந்த மாமனார் உள்ளே வந்து ஒரு முனையைத் தானே பிடித்துத் தூக்கினார். வருஷக்கணக்காகப் புடவைக் கட்டுக்கு மேல் எதையும் தூக்காதவர். மேசையோ நல்ல தேக்கு. மேசை கீழே இறங்கியது, அவர் நிமிரவில்லை. குனிந்தபடியே நின்றார். முகம் வெளுத்து நெற்றியில் வியர்வை துளிர்த்தது. என் கணவர் ஓடிவந்து தாங்கினார். குடும்ப டாக்டர் வெளியூர் போயிருந்தார். அந்த அறையில் படுக்க வைக்க இருந்தது ஒரே இடம்தான்.

மாமனார் அதைப் பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மாமியாரிடம் முணுமுணுத்தார். "பொம்பளைங்களுக்கு மட்டும்னு சொல்லிக்கீறேன்."

"சொன்னவரு நீங்கதானே? நீங்களே மாத்திக்கோங்க. ஏறிப் படுங்க" என்றார் மாமியார்.

அவரைக் குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்கடியில் தலையணை கொடுத்தோம். முகம் ஓட்டைக்குள் போனது. வாசலில் இருந்த பெண்கள் நாகரிகமாக முதுகைக் காட்டி நின்றார்கள், ஆனால் ஒருத்தியும் போகவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு நான் கையை வைக்க வேண்டிய நேரம் வந்தது. பண்டிகை நாளில் அவர் காலில் விழுந்திருக்கிறேனே தவிர, விரல் நுனிகூட அவர் மேல் பட்டதில்லை. ஆஸ்பத்திரியில் எத்தனையோ ஆண்களுக்கு வைத்தியம் பார்த்தவள்தான், அன்று மட்டும் மாமியாரைத் திரும்பிப் பார்த்தேன். மாமியார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வைத்தேன்.

எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள் அத்தை என்றேன். அவர் கேட்டார். மாமனார் சொன்ன பதில் ஓட்டை வழியாகத் தரைக்குப் போய்விட்டது. மாமியாருக்குக் கேட்கவில்லை. இன்னா, இன்னா என்று குனிந்து குனிந்து கேட்டார். நான் உத்தேசமாக அழுத்தினேன். அது தப்பான இடம். மறுபடி கேட்டோம், மறுபடியும் புரியவில்லை. தபாலாபீஸ் நின்றுவிட்டது. திடீரென்று மேசைக்கடியிலிருந்து தெளிவாக ஒரு குரல் வந்தது.

"இன்னும் கொஞ்சம் கீழம்மா. எலும்புக்குப் பக்கத்துல. ஆங், அங்கதான்."

என் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த வீட்டுக்கு வந்து வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகியிருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. பார்த்து என்று சொல்வது சரியில்லை, அவர் பார்த்துக்கொண்டிருந்தது சிமென்ட் தரையை. மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, சிரிப்பை மறைத்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"ஏம்மா நிறுத்திட்ட?" என்றது தரை.

அன்று மதியத்துக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு தினமும் கடைக்குப் போகும் முன் வந்து படுத்தார். முகம் ஓட்டைக்குள் போனதும் பேச ஆரம்பித்துவிடுவார். கடையில் பேரம் பேசுகிறவர்களின் சாமர்த்தியம், கூரத்தில் ஏற்றம் இறைத்த அப்பா, ஒரு பட்டுப் புடவைகூடக் கட்டிப் பார்க்காமலே போய்ச்சேர்ந்த அம்மா, எல்லாவற்றையும் சொன்னார். நடுநடுவே நீ என்ன நினைக்கிறாய் என்று என்னைக் கேட்பார், நானும் சொல்வேன். மேசையை விட்டு இறங்கி வேட்டியைச் சரிசெய்ததும், "நான் கிளம்பறேன்னு சொல்லு" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போவார். முதுகுத் தசை எப்போதோ இளகி நன்றாகிவிட்டது என்பது என் விரல்களுக்குத் தெரியும். வலி இன்னும் இருக்கிறது என்றார் அவர். இருக்கும் மாமா, மெதுவாகத்தான் போகும் என்றேன்.

பட்டுக்கடை முதலாளியே படுக்கிற மேசை என்று ஊரில் பேர் பரவி, பெண்கள் கூட்டம் கூடியது. ஆண்களும் கேட்க ஆரம்பித்தபோது, பேரன் பேத்தி எடுத்தவர்கள் வரலாம் என்று மாமனார் விதியைத் தளர்த்தினார். அப்போது அவருக்குப் பேரன் கிடையாது. தன்னை எந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார் என்று யாரும் கேட்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம், சென்னை முழுக்க அலைந்து பார்த்துத் தானே தேர்ந்தெடுத்த மேசை என்று சொல்லிக்கொண்டிருந்தார். சென்னை மேசைகளிலெல்லாம் படுத்து எழுந்த என் கணவர் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

ஒருமுறை மாமியார் ஓரிக்கையில் இருந்த தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். கணவர் பாங்கில். மாமனார் மதியம் கடையிலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்தார், எழுந்தார், வாசல் வரை போனார், திரும்பி வந்தார். நான் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து, மேசையில் ஏறிக் குப்புறப் படுத்து, முகத்தை ஓட்டையில் வைத்துக்கொண்டார். முதுகில் வலியா என்று கேட்டேன்.

"இல்லம்மா. பசிக்குது."

இங்கேயே எடுத்துவரட்டுமா, உள்ளே வருகிறீர்களா மாமா என்று கேட்டேன்.

"உள்ளதான் வரணும்" என்றார். "படுத்துக்கினே எப்படிச் சாப்பிடறது?"

இறங்கி வந்து உட்கார்ந்தார். நான் இலை போட்டுப் பரிமாறினேன். சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, கூடத்தில் யாரும் இல்லை என்பதை ஒருமுறை பார்த்துக்கொண்டு, சுவரிடம் "நல்லா இருந்திச்சி" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.