நாலு மணிக்கு மேல் காற்று அடங்கும்

சுண்ணாம்புத் தூள் கண்ணில் விழுந்தால் எப்படி எரியும் என்பது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

எங்களுக்குத் திருவாதவூர்ப் பக்கம். கண்மாயில் தண்ணீர் வற்றியதும் உள்ளே பூப்பந்து கோர்ட் போடுவார்கள். மஞ்சள் உல்லன் பந்து, நடுவில் வலை, பக்கத்துக்கு ஐந்து பேர். அன்றைக்கு என் அண்ணன் முத்தையா சுண்ணாம்பில் கோடு போடப் போட, ஆடிக் காற்று அதை அள்ளி என் முகத்தில் அடித்தது. கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்... பாவாடையெல்லாம் வெள்ளை.

மேற்கேயிருந்து அப்படி ஒரு மேல்காற்று. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூப்பந்துக்குக் காற்றுதான் எல்லாம். காற்று முதுகில் அடித்தால், மெல்லத் தட்டினாலும் பந்து கோட்டைத் தாண்டிவிடும். முகத்தில் அடித்தால் ஓங்கி அடிக்கலாம், பந்து உள்ளே விழும். என் அண்ணன் ஓங்கி அடிக்கிற ஆள். அவனுக்குக் கிழக்குப் பக்கம் நின்றால்தான் கை ஓடும்.

அன்று ஒரு மில்லிலிருந்து ஆள் வந்திருந்தார். ஜெயிக்கிற பக்கத்தில் நன்றாக ஆடுகிறவனுக்கு மில் டீமில் இடம். டீமில் இடம் என்றால் மில்லில் வேலை. நாங்கள் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் கஞ்சி குடித்தவர்கள். அம்மா அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடவில்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. டாஸ் போடுவதற்கு முன் டீக்கடைச் சேவுகனிடம் காற்றைக் கேட்பார்கள். அவர் யானைமலையைப் பார்ப்பார். மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தால் சாயங்காலம் காற்று அடங்கும் என்பது அவர் கணக்கு.

"சேவுகண்ணே, காத்து எப்படிண்ணே?" என்றான் அண்ணன்.

அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "நாலு மணிக்கு மேல அடங்கிரும் மாப்ள. பயப்படாம ஆடு."

நானும் மலையைப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி வெறும் பாறை. ஒரு துணுக்கு மேகம் இல்லை. சின்னப் பிள்ளை, வாயைத் திறக்கவில்லை.

டாஸ் அண்ணனுக்கு விழுந்தது. செர்வ், பக்கம் இரண்டில் ஒன்றைத்தான் கேட்கலாம். காற்றுதான் அடங்கப் போகிறதே, பக்கம் எதற்கு என்று செர்வ் கேட்டுவிட்டான். பக்கம் எதிராளிக்குப் போனது. பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும், அதனால் ஒரே ஆட்டம், இடையில் பக்கம் மாறுவதில்லை என்று பேச்சு.

எதிர் டீமில் ஆடிய பக்கத்து ஊர் ராசு கிழக்குப் பக்கத்துக்கு ஓடினான். நடக்கவில்லை, ஓடினான்.

காற்று அடங்கும் என்று சேவுகன் சொன்னதை அவனும்தான் கேட்டான். பிறகு எதற்கு அந்த ஓட்டம்?

காற்று அடங்கவே இல்லை. அண்ணன் அடித்த பந்தெல்லாம் கோட்டைத் தாண்டிப் புல்லில் விழுந்தது. ராசு மில்லுக்குப் போனான். அடுத்த தை மாதம் சேவுகன் மகளுக்கும் ராசுவுக்கும் கல்யாணம்.

இப்போது சொல்லுங்கள்.

அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அந்தக் கடையில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அண்ணன் மதுரை சிம்மக்கல்லில் மூட்டை தூக்கப் போனான்... ஊருக்கு வந்தால் நேரே அந்தக் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து டீ குடிப்பான். அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் வயிறு எரியும்.

இதெல்லாம் இப்போது எதற்கு என்றால், போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி கயலின் ஆட்டம் பார்க்கப் போனேன். அவளும் பூப்பந்துதான். தோழிகளுக்குள் சும்மா ஒரு ஆட்டம். கையில் ஃபோன், அதில் அம்பு அம்பாய் ஏதோ ஓடுகிறது.

"நாலு மணிக்கு மேல காத்து குறைஞ்சிருமாம் அம்மாச்சி."

அதே வார்த்தை.

"யாருடி சொன்னா?"

"ஆப்புல போட்டிருக்கு."

"போட்டவன் எந்த ஊருக்காரன்?"

"ஆளெல்லாம் இல்ல அம்மாச்சி, கம்ப்யூட்டரு."

"அதுக்குப் பின்னால ஒரு ஆளு இருப்பான்ல. அவனுக்குக் கட்டிக்குடுக்கிற வயசுல பொண்ணு இருக்கான்னு கேளு."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பக்கத்தைக் கேளுடி என்று கெஞ்சினேன். அவள் டாஸ் ஜெயித்து செர்வ் கேட்டாள். என் அண்ணனை மாதிரியே.

காற்று குறையவில்லை. கூடியது. தோற்றாள்.

தோற்றவள் ஃபோனைத் திட்டவில்லை, யாரையும் திட்டவில்லை. "தப்பா காட்டிருச்சு, விடு. வா, பருத்திப்பால் குடிக்கலாம்" என்றாள். அம்புட்டுத்தான். டம்ளர் காலியாவதற்குள் மறந்தேவிட்டாள்.

மறுநாள் அண்ணனுக்கு ஃபோன் போட்டு நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு இருமல் வரும்வரை சிரித்தான்.

"ஏன் ஆத்தா, அந்த ஃபோனுக்கும் கட்டிக்குடுக்கப் பொண்ணு இருக்கா?"

சிரிப்பு அடங்கியதும் அவனே சொன்னான்:

"அந்த மனுசன் தெரிஞ்சதைச் சொன்னாரு. காத்துதேன் கேக்கல. நானே விட்டுட்டேன், நீ எதுக்கு இன்னும் சொமந்துக்கிட்டுத் திரியிற?"

ரெண்டு நாளாக அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்போது காற்றைச் சொன்னவருக்கு ஒரு முகம் இருந்தது, ஒரு கடை இருந்தது. இத்தனை வருஷம் கோபப்பட ஆள் இருந்தது. கயலுக்கு அதெல்லாம் இல்லை. அவள் நன்றாகத் தூங்குகிறாள். ஒருவேளை சேவுகனும் அந்த ஃபோன் மாதிரி சும்மாதான் சொன்னாரோ... என்றுகூட நேற்று தோன்றியது.

ஆனால் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை எதிர் டீம் பிள்ளைகள் நல்ல பக்கத்துக்கு ஏன் போனார்கள் என்று நான் பார்த்தேன். அங்கே வேப்பமர நிழல் இருந்தது.

எங்கள் கண்மாய்க்குள் ஏது நிழல்? ராசு எதற்கு ஓடினான்?