மாமா வாசித்த கொரியப் படம்

சவூதியின் அல் கோபாரில் அந்நாளில் சினிமாக் கொட்டகை கிடையாது. வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் ஃபிளாட்டின் முன்னறைதான் கொட்டகை. தமிழ்ப் படம் என்றால் எனக்கு அங்கே வேலை இல்லை. வேறு மொழிப் படம் என்றால் நான் இல்லாமல் ஓடாது. திரையின் அடியில் வரும் ஆங்கில வரிகளை உடனுக்குடன் தமிழில் சொல்வது என் பொறுப்பு. பத்து வயதுப் பையனுக்கு அது பெரிய பதவி. ஒரு வரியையும் விட மாட்டேன். யாராவது "சரி" என்று சொன்னால், அந்தச் "சரி"யையும் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுவேன்.

அன்றைய கசெட்டைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் அண்ணன். கொரியக் கட்டுமானக் கம்பனி ஒன்றில் ஸ்டோர் பொறுப்பாளராக இருந்தார். அவருடைய கொரிய மனேஜர் லீவில் ஊருக்குப் போய் வந்தபோது கொண்டுவந்த படம் அது. "குடும்பப் படமாம், நல்ல படமாம்" என்றார். அதற்கு மேல் அவர் விசாரிக்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

அப்பாவுக்கு அன்று டியூட்டி. அறையில் அம்மா, மாமா, சின்னம்மா, மேல் மாடித் தஞ்சாவூர் அக்கா, நான். சின்னம்மா, அம்மாவின் தங்கை. இங்கே ஓர் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். சண்டை நடந்த இடத்திலிருந்து வெளியே வர ஒருவருக்குத்தான் அனுமதிச் சீட்டுக் கொடுத்தார்கள். அதற்கும் இன்னொருவர் பிணையாக அங்கேயே இருக்க வேண்டும். சின்னம்மாவின் கணவர், என் சித்தப்பா, இருந்துகொண்டார். அவரிடமிருந்து கடிதம் வருவது நின்று பல மாதங்கள் ஆகியிருந்தன. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. தபால் வந்ததா என்று மட்டும் ஆளாளுக்குக் கேட்பார்கள்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே யுத்தம் வந்துவிட்டது. பனி கொட்டும் ஆற்றங்கரை. ஒரே ஒரு தோணி. அதில் ஒருவருக்குத்தான் இடம். கணவன் மனைவியை ஏற்றிவிட்டுக் கரையிலேயே நின்றான்.

"ஐயோ, அந்தாளு ஏறலியா?" என்றார் தஞ்சாவூர் அக்கா.

"'நீ போ. நான் பின்னால வருவன்'" என்று வாசித்தேன்.

உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்த சின்னம்மாவின் கை நின்றது. மாமா கசெட்டின் அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் இருந்ததெல்லாம் கொரிய எழுத்து.

"வேற படம் போடுவமே?" என்றார்.

"வேண்டாம் அண்ணை, ஓடட்டும்" என்றார் சின்னம்மா.

அந்த மனைவி தெற்கே ஒரு சந்தையில் சூப் விற்றுப் பிழைத்தாள். தலை நரைத்தது. ஒரு நாள், ஊன்றுகோலுடன் ஒருவன் கடைக்கு வந்தான். கணவனின் கூட்டாளி.

"'அவன் அந்த மாரிக் குளிரிலேயே...'" என்று நான் ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் என் வாயில் ஒரு முழு வடை இருந்தது.

"மருமோனுக்குத் தொண்டை காஞ்சுபோச்சு" என்றார் மாமா. "இனி நான் வாசிக்கிறன். கொரியன்காரரோட குப்பை கொட்டுறவன், எனக்குத் தெரியாததே? 'அக்கா, உங்கட மனுசன் சுகமா இருக்கிறார். வாங்கோ, கூட்டிக்கொண்டு போறன்.'"

திரையில் அந்தப் பெண் அகப்பையைக் கீழே போட்டுவிட்டு அலறி அழுதாள்.

"சந்தோசத்தில அழுறா" என்றார் மாமா.

"அழ மாட்டாளா பின்ன? பொழச்சிக் கெடக்காரே, மகராசன்!" என்று தஞ்சாவூர் அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து ஒரு மலைச்சரிவு. புல் முளைத்த வட்டமான மண்மேடு. 'இங்கேதான் அவனைப் புதைத்தோம்' என்று கீழே தெளிவாக எழுதியிருந்தது. நான் வடையை விழுங்கிவிட்டேன்.

"மாமா பிழையா வாசிக்கிறார்! அது..."

"அது கிழங்குப் பாத்தி" என்றார் மாமா. "மனுசன் தோட்டம் செய்யிறார். கொரியாவில இப்பிடித்தான் வட்டமாக் கட்டுவினம்."

அந்தப் பெண் மேட்டின் மேல் விழுந்து அதைக் கட்டிக்கொண்டாள்.

"விளைச்சலைக் கண்ட சந்தோசம், புளுகம்!" என்றார் மாமா.

"ஆளக் காணோமே?" என்றார் தஞ்சாவூர் அக்கா.

"தண்ணி இறைக்கப் போயிட்டார்."

எனக்குப் பொறுக்கவில்லை. சின்னம்மா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். நான் ஒரு வரி வாசிப்பதற்குள் மூன்று வரி வாசிக்கக்கூடியவர். "சின்னம்மா, நீங்களே வாசிச்சுச் சொல்லுங்கோ!" என்று கத்தினேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரியவில்லை. மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியேல்லை, தம்பி" என்றார் சின்னம்மா. கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது. பிறகு மாமா பக்கம் திரும்பினார். "என்ன கிழங்கு, அண்ணை?"

மாமா ஒரு கணம் தடுமாறினார். "வத்தாளங்கிழங்கு" என்றார், சர்க்கரைவள்ளிக்கு எங்கள் ஊர்ப் பெயர்.

"நல்ல விளைச்சலோ?"

"சொல்லி வேலையில்லை. ஒவ்வொண்டும் இவன்ர தலையளவு."

சின்னம்மா சிரித்தார். "இவருக்கும் வத்தாளங்கிழங்கெண்டாச் சரியான விருப்பம்" என்றார். அவர் வாயால் சித்தப்பாவின் பேச்சு வந்தது பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான். அம்மாவும் சிரித்தார். எதற்கென்று தெரியாமல் தஞ்சாவூர் அக்கா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

படம் முடிந்தது. பெயர்கள் ஓடி முடிந்து, திரையில் வெண்புள்ளிகள் இரைய ஆரம்பித்தன. மாமா நிறுத்தவில்லை. தோட்டக்காரர் கிணறு வெட்டினார், வீடு கட்டினார், ஒரு பையனும் பிறந்தான். வாய்க்காரப் பையன், பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பாய்வான் என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சித்தப்பாவின் கடிதம் அடுத்த மாரிக்காலத்தில் வந்தது. ஆனால் அன்று அது மாமாவுக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பதவி பறிபோன கோபம் மட்டுந்தான். மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆங்கிலம் படிப்பித்த சின்னம்மா, ஒரு எழுத்துக்கூட இல்லாத திரையைக் காட்டி, "இன்னும் கொஞ்சம் வாசியுங்கோ, அண்ணை" என்று ஏன் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு விளங்கவே இல்லை.