சோயாக்காவும் ஏழு சகோதரிகளும்

இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்துவிட்டு, "சரி, நீ போ" என்று விடுகிறார். அடுத்த இலை. அதையும் திருப்பிப் பார்த்து, "நீயும் போ." மூக்குக் கண்ணாடி நெற்றியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தூரத்தில் இருப்பவர்களைப் பார்க்கத்தான் அவருக்குக் கண்ணாடி வேண்டும். தூரத்தில் இருப்பவர்களை அவர் அதிகம் பார்ப்பதில்லை. கண்ணாடிக் கூரை போட்ட அந்தச் செடி அறையில் எல்லாச் செடிகளின் எல்லா இலைகளையும் ஒரு சுற்று விசாரித்து முடித்த பிறகுதான் சோயாக்கா காலை டீயைத் தொடுவார். அதற்குள் அது ஆறிப் பச்சைத் தண்ணீராகியிருக்கும். "எனக்கு ஆறின டீதான் பிடிக்கும்" என்பார். அப்படி ஒரு மனிதப்பிறவி இருக்க முடியாது என்பது என் கருத்து.

நான் அந்த ஆராய்ச்சி நிலையத்தின் ஸ்டோர் பொறுப்பாளன். பஞ்சு, கையுறை, தொட்டி, மண் எது வேண்டுமானாலும் என் ஜன்னலுக்குத்தான் வரவேண்டும். கேட்கிற சாமானை வைத்து ஆளை எடைபோடுவது இந்த வேலையில் எனக்கு ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம். சோயாச் செடியே கதி என்று கிடப்பதால் நிலையமே அவரைச் சோயாக்கா என்கிறது; என்னைவிட வயதில் இளையவர். வந்த முதல் நாளே என்னைத் "தம்பி" என்றார். நான் திருத்தவில்லை. திருத்தினால் என் வயதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

அன்று அவர் கேட்டது புருவம் திருத்துகிற சின்ன இடுக்கி. ஆய்வக இடுக்கியே ஒரு டப்பா நிறைய இருக்கிறதே என்றேன்.

"அது முரட்டுப் பய தம்பி. சோயா மொட்டு அரிசியைவிடக் கொஞ்சம்தான் பெருசு. அதைத் தொறந்து, அதோட மகரந்தத்தை எடுத்துட்டு, வேற செடி மகரந்தத்தைத் தடவணும். பூவுக்கே தெரியக் கூடாது."

அவருடைய ஆராய்ச்சியை எனக்குப் புரியவைத்ததும் அதே ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான். சோயாச் செடிக்குள் ஒரே ஜாடையில் ஏழு ஜீன்கள் இருக்கின்றன. ஒரே குடும்பம். ஒவ்வொன்றும் ஒரு நொதியைச் செய்கிறது. ஏழு நொதிகளும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல. அந்த நொதி சோதனைக் குழாயில் என்ன செய்யும் என்று தெரியும். செடிக்கு அதனால் என்ன பிரயோஜனம் என்பதுதான் தெரியாது. கண்டுபிடிக்க அவர் பிடித்த வழி, ஜீனைக் கெடுத்துவிட்டுச் செடிக்கு என்ன குறை வருகிறதென்று காத்திருப்பது.

"மூத்தவளைக் கெடுத்தேன். செடி ஜம்முனு வளந்துச்சு. ரெண்டாமவளைக் கெடுத்தேன். அதுவும் ஜம்முனு வளந்துச்சு. ஒருத்தி இல்லேன்னா அடுத்தவ இழுத்துப் போட்டுக்கிட்டு செஞ்சுடறா தம்பி. ரொம்ப நல்ல குடும்பம். அதான் பிரச்சினையே."

ஆகவே ஏழு பேரும் ஒரே செடியில் வாய்மூடிக் கிடக்க வேண்டும். அதற்காகச் செடியோடு செடியைச் சேர்த்து, வந்த விதையை முளைக்கவைத்து, அதை மறுபடி இன்னொன்றோடு சேர்த்து ஐந்து வருடம் போயிற்று. கல்யாணத் தரகர்கள்கூட இவ்வளவு அலைந்திருக்க மாட்டார்கள். கடைசியில் பிறந்த செடிகளைப் பார்க்க என்னையும் கூப்பிட்டார். பச்சைப்பசேலென்று நின்றன. அந்தண்டை வரிசையில் நின்ற சாதாரணச் செடிகளுக்கும் இவற்றுக்கும் இம்மி வித்தியாசம் இல்லை.

"ஏழு பேரும் லீவு தம்பி. ஆபீஸ் நடக்குது பாருங்க" என்றார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஸ்டோருக்கு வந்து ஒரு பெட்டி டிஷ்யூ வாங்கிக்கொண்டு போனார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

பிறகு செடிகளை வதைக்க ஆரம்பித்தார். தண்ணீரை நிறுத்தினார், இரண்டு வரிசையும் ஒரே மாதிரி வாடின. உப்புத் தண்ணீர் ஊற்றினார். ஒரே மாதிரி முகத்தைத் தூக்கிக்கொண்டன. குளிரில் வைத்தார், இருட்டில் வைத்தார். ராத்திரியெல்லாம் மின்விசிறி போட்டுக் காற்றடிக்கவும் செய்தார். ஏழு பேரும் இல்லாத குறையைச் செடி காட்டிக்கொள்ளவே இல்லை.

புழு பூச்சி விட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? நிலையத்துக்கு யார் வந்தாலும் இயக்குநர் முதலில் கூட்டிப்போவது அந்த அறைக்குத்தான். "ஒரே ஒரு பூச்சி காட்டுங்க பார்க்கலாம்" என்று சவால் விடுவார். இலை இலையாகக் காலையில் நடக்கும் விசாரணையில் தப்பித்த புழு கிடையாது. மாட்டியதை இடுக்கியால் எடுத்து ஒரு டப்பாவில் போட்டு மூடிவிடுவார் சோயாக்கா. அறை சுத்தமாக இருக்கிறது என்பதில் எல்லோருக்கும் பெருமை, எனக்கும்தான்.

பெருமை சோறு போடாது. ஒரு நாள் இயக்குநர் அவரைக் கூப்பிட்டுத் தன்மையாகவே சொன்னார்: "அடுத்த கூட்டத்துக்குள்ள இந்த ஜீனெல்லாம் என்னதான் பண்ணுதுன்னு சொல்லிடுங்கம்மா. இல்லேன்னா ரூமைத் தக்காளிக்குக் குடுத்துடலாம்." தக்காளி என்றால் அடுத்த பிரிவில் தக்காளி ஆராய்ச்சி செய்கிறவர். அறை போனால் சோயாக்காவின் வேலையும் போகும். அவருடைய ஒப்பந்தம் அந்த ஆராய்ச்சியோடு சரி. தக்காளிக்காரர் வந்து, "ரொம்ப வருத்தமா இருக்கு மேடம்" என்று ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய் மாதிரி நின்றார். பிறகு பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து ஜன்னலின் அகலத்தை அளந்துகொண்டார்.

பட்ட காலிலே படும் என்பது சோயாக்காவின் அக்காவுக்கு அப்படியே பொருந்தியது. குளியலறையில் வழுக்கி, முன்பே ஒரு தடவை முறிந்த காலையே மறுபடி முறித்துக்கொண்டார். சோயாக்கா தண்ணீர் ஊற்றும் ஊழியரை நிற்கவைத்து, எந்தத் தொட்டிக்கு எவ்வளவு என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு ஊருக்குப் போனார்.

அவர் திரும்பிவந்த காலையில் மண் மூட்டையோடு நானும் அங்கே இருந்தேன். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஜன்னல்கள் மூன்றும் திறந்து கிடந்தன. செடியில் எங்கு பார்த்தாலும் புழு.

"வெக்கையா இருந்துச்சு, தொறந்துவிட்டேன்" என்றார் தண்ணீர்க்காரர். "தண்ணி ஊத்தச் சொன்னீங்க, ஒரு வேளை தப்பாம ஊத்தினேன். புழுவைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே."

சோயாக்கா இடுக்கியை எடுத்துக்கொண்டு ஓடினார். ஒரு புழுவை எடுத்தார், இரண்டாவதை எடுத்தார், மூன்றாவதற்குப் போன கை பாதியில் நின்றது. ஏழு பேரும் இல்லாத வரிசையில் இலை என்று ஒன்றும் மிச்சமில்லை, வெறும் நரம்பு. அடுத்த வரிசையில் சாதாரணச் செடிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடிபட்டு, மற்றபடி சௌக்கியமாக இருந்தன. அவற்றின் மேல் இருந்த புழுக்களும் நோஞ்சானாக இருந்தன.

"தம்பி, ஒரு ஸ்டூல் குடுங்க."

கொடுத்தேன். உட்கார்ந்தார். வெகுநேரம் இரண்டு வரிசையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புழு கடிச்ச உடனே இந்த ஏழு பேரும் செடி உள்ளேருந்து சத்தம் போட்டிருக்காங்க. சத்தம் கேட்டதும் இலை கசந்துடும், புழுவுக்குச் செரிக்காது. அதான் இவங்க வேலை போல. அஞ்சு வருஷமா தினம் காலையில அந்த வேலையை நானே பாத்துட்டு, 'நீங்கல்லாம் எதுக்குடி இருக்கீங்க'ன்னு இவங்களைக் கேட்டிருக்கேன். எட்டாவது ஆளு நான்தான் தம்பி."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

இயக்குநர் எல்லாவற்றையும் கேட்டார். "ஜன்னல் தொறந்து கெடந்ததை ஆராய்ச்சின்னு எழுத முடியாதும்மா" என்றார். அது நியாயம்தான் என்று சோயாக்காவே சொன்னார். கூட்டம் தள்ளிப்போடப்பட்டது. மறுபடி ஒரு தடவை, முறையாகச் செய்து காட்ட வேண்டும். எல்லோரும் நேரில் வந்து பார்ப்பார்கள். அதோடு அறைக்கு ஒரு முடிவு. கையிருப்பில் இருந்த விதைகளை முளைக்கவைத்தார். செடி வளர்ந்ததும் என் ஜன்னலுக்கு வந்தார்.

"தம்பி, புழு வேணும்."

இத்தனை வருட உத்தியோகத்தில் என்னிடம் யாரும் கேட்காத சாமான். பூச்சிப் பிரிவில் சொல்லி வாங்கிக்கொடுத்தேன். எல்லாம் ஒரே வயது, ஒரே அளவு. செடிக்கு இத்தனை என்று மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாக இலையில் இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. உள்ளே போனால் கை சும்மா இருக்காது என்று வெளியே வராந்தாவிலேயே நடந்தார். அந்த நாட்களில் டீயைச் சுடச்சுடக் குடித்து நாக்கைப் பொசுக்கிக்கொண்டார். "உள்ள சாப்பிடற சத்தம் கேக்குதா தம்பி?" என்று கேட்பார். எனக்கு ஒன்றும் கேட்காது.

எல்லோரும் பார்வையிட வந்த அன்று அறையின் ஜன்னல்கள் இறுக்கிச் சாத்தியிருந்தன. சாதாரணச் செடிகள் வாட்டமில்லாமல் நிற்க, பக்கத்து வரிசை ஈர்க்குச்சிகளாகியிருந்தது. தக்காளிக்காரர் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தார். கையில் சுருட்டி வைத்திருந்த அளவு நாடாவைச் சட்டைப்பைக்குள் போட்டார். "வடக்குப் பக்க ரூமே எனக்குப் போதும் சார்" என்றார்.

இயக்குநர் கடைசிச் செடியின் முன்னால் நின்றார். அந்தச் செடியில் ஒரே ஒரு இலைதான் பாக்கி. அதன் விளிம்பில் கொழுத்த புழு ஒன்று உட்கார்ந்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. செடி வளர்த்துப் பழகிய கை அல்லவா, அவர் யோசிக்காமலே புழுவை எடுக்க விரலை நீட்டிவிட்டார்.

சோயாக்கா அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். நிலையத்தில் யாரையும் தொட்டுப் பேசியறியாதவர், இயக்குநரின் கையை இறுக்கிப் பிடித்தார்.

"சாப்பிடட்டும் சார்" என்றார்.

புழு அந்த இலையைத் தின்று முடிக்கும்வரை பிடியை விடவில்லை.