வெற்றுப் படிவத்தில் ஒரு கையெழுத்து

மரம் விழுந்து எங்கள் பதினான்கு வருஷக் கார் நசுங்கிவிட்டது. ரிப்பேருக்குத் தேறாது, முழு நஷ்டஈடு தருகிறோம் என்றது இன்ஷூரன்ஸ் கம்பெனி. பெங்களூரு அடுகோடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கிடந்த வண்டியை வாங்க வந்த காயலான் கடைக்காரர் வெற்றுப் படிவங்களை நீட்டினார். நான் பேனாவை எடுத்ததும் ஒர்க்‌ஷாப் சலீம் பாய் தடுத்தார்.

"வெத்து ஃபாரத்துல கையெழுத்து போடாதீங்க சார். பதிவை ரத்து பண்ணாம விட்டு, உங்க நம்பரை வேற வண்டியில மாட்டினா போலீஸ் உங்களைத்தான் தேடும்."

"இதுல உங்களுக்கு என்ன கமிஷன்?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். ஆனாலும் பயத்தில் கையெழுத்துப் போடவில்லை.

மறுநாள் சலீம் பாயே ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு என்னோடு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வந்தார். பதிவை ரத்து செய்ய விண்ணப்பம் கொடுத்து முடிக்கும்வரை வரிசையில் நின்றார்.

வெளியே வந்ததும், "நேத்து பேசினது தப்பு பாய்" என்றேன்.

"வண்டி போன வருத்தம் சார், விடுங்க."

அத்தனை பேர் முன்னால் அவமானப்படுத்திய என்னை அவர் அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லை.