வாடிய தீவனச் செடிக்குத் தண்ணீர் விட்ட குற்றம்

கிராஞ்சியில் எங்கள் ஆய்வுக்கூடாரம். மாட்டுத் தீவனமான வேலிமசாலில் பாதிச் செடிகளுக்கு மட்டும் ஹார்மோன் தெளித்து, எல்லாவற்றையும் தண்ணீரில்லாமல் போட்டிருந்தோம். எது வறட்சியைத் தாங்குகிறது என்று பார்க்கத்தான்.

இன்று காலை, தெளிக்காத செடிகளும் நிமிர்ந்து நிற்கின்றன.

"வாடிக் கிடந்துச்சு தம்பி, மனசு கேக்கல. தண்ணி விட்டுட்டேன்" என்றார், ஊரிலிருந்து வேலை பர்மிட்டில் வந்து இங்கே தொட்டி தூக்கும் செல்வம் அண்ணன்.

மேலாளர் குதித்தார். "யோவ், போர்டு கண்ணுக்குத் தெரியல? ஆய்வே போச்சு!" என்னிடம் திரும்பி, இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு, "இவன் பர்மிட்ட கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பு லா."

செடியை மறுபடி விதைக்கலாம். அண்ணனுக்கு இந்த வேலை மறுபடி கிடைக்குமா?

போர்டை எழுதியவர் மேலாளர். முழுக்க ஆங்கிலம். திட்டுவதற்கு மட்டும் அருமையான தமிழ் வருகிறது.

'தண்ணீர் ஊற்றாதே' என்று தமிழில் ஒரு வரி எழுதாத மேலாளரை எந்த ஊருக்கு அனுப்பலாம்? சொல்லுங்கள்.